இரண்டு ஆசிரியர், ஒரே நூல்: விவிலியத்தின் 'இறைத்தூண்டுதல்' என்பது என்ன?

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் தொடக்கத்தில் பவுல் கொஞ்சம் கடுப்பில் இருக்கிறார். சபைக்குள் ஆளுக்கொரு கட்சி. 'நான் பவுலின் ஆள்' என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. நல்லவேளை, கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் யாருக்கும் நான் திருமுழுக்குக் கொடுக்கவில்லை என்று எழுதுகிறார். எழுதிய கையோடு ஞாபகம் வருகிறது: ஆமாம், ஸ்தேவனா வீட்டாருக்கும் கொடுத்தேன், அதற்கு மேல் வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று எனக்கு நினைவில்லை (1 கொரி 1:14-16).

திருச்சபையின் நம்பிக்கைப்படி இந்த மூன்று வசனங்களும் கடவுளின் வார்த்தை. அப்படியானால் மறந்துபோனது யாருக்கு?

கடவுளுக்கும் மறதி உண்டா என்று கேலி செய்பவரும், இப்படிக் கேட்பதே பாவம் என்று வாயை அடைப்பவரும் மனதில் வைத்திருப்பது ஒரே காட்சியைத்தான்: மேலே ஒருவர் சொல்லச் சொல்ல, கீழே ஒருவர் எழுதுகிறார். 'விவிலியத்தில் முரண்பாடுகள்' என்ற பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் மூளும் சண்டை பெரும்பாலும் இந்தக் காட்சியை நம்பியே நடக்கிறது. கிறிஸ்தவ இறையியலின் பிரதான மரபு என்ன சொல்கிறது என்று பார்த்தால், அது இரு தரப்புக்கும் வசதியாக இல்லை.

முதலில் நான்கு சொற்கள்

1. இறைவெளிப்பாடு: கடவுள் தம்மை மனிதருக்குத் தெரியப்படுத்துவது. அது பேச்சாக இருக்கலாம், வரலாற்று நிகழ்ச்சியாக இருக்கலாம், கிறிஸ்தவருக்கு எல்லாவற்றுக்கும் மேலாக இயேசு என்ற ஆள்.

2. இறைத்தூண்டுதல்: இது எழுத்தைப் பற்றியது. ஒரு நூல் உருவானதில் தூய ஆவியாரின் செயல் இருந்தது, அதனால் அந்த நூலுக்குக் கடவுளும் ஆசிரியர் என்ற கோட்பாடு. சீர்திருத்த (புரொட்டஸ்டன்ட்) சபைகளில் 'தேவ ஆவியின் ஏவுதல்' என்பார்கள்.

3. தவறாமை: அப்படி எழுதப்பட்ட நூல் பிழையாகப் போதிக்காது என்பது. தூண்டுதலிலிருந்து பிறக்கும் முடிவு இது. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

4. திருமுறை: தூண்டுதல் பெற்றவை என்று சபை ஏற்றுக்கொண்ட நூல்களின் பட்டியல். கத்தோலிக்கருக்கு 73, சீர்திருத்த சபைகளுக்கு 66.

இதில் முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதி வழி வந்த மாதிரி. வெளிப்பாடு எதுவும் புதிதாகக் கிடைக்காமலேயே ஒருவர் தூண்டுதலோடு எழுதியிருக்க முடியும். ஊரில் விசாரித்து எழுதியிருக்கலாம், பழைய நூலைச் சுருக்கி எழுதியிருக்கலாம், கடன் கணக்கைப் போலப் பெயர்களை வரிசையாக அடுக்கியிருக்கலாம்.

நூலுக்குள்ளேயே இருக்கும் சாட்சியம்

வழக்கமாகக் காட்டப்படும் இடங்கள் இரண்டு. மறைநூல் அனைத்தும் கடவுளின் தூண்டுதலால் வந்தது என்கிறது 2 திமொத்தேயு 3:16. இறைவாக்கினர்கள் தூய ஆவியால் உந்தப்பட்டுக் கடவுளிடமிருந்து பேசினார்கள் என்கிறது 2 பேதுரு 1:21. இரண்டுமே தூண்டுதல் நடந்தது என்று சொல்கின்றனவே தவிர, எப்படி நடந்தது என்பதற்குள் போகவில்லை. தவிர, திமொத்தேயு கடிதம் எழுதப்பட்டபோது 'மறைநூல்' என்றால் யூதர்களின் நூல்கள்தான். புதிய ஏற்பாடு என்ற தொகுப்பு அப்போது இல்லை.

எப்படி நடந்தது என்பதை அந்த நூல்களின் ஆசிரியர்கள் வேலை செய்த விதத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். லூக்கா தம் நற்செய்தியை ஒரு முன்னுரையோடு தொடங்குகிறார்: பலர் ஏற்கெனவே எழுத முயன்றிருக்கிறார்கள், கண்ணால் கண்டவர்கள் சொன்னவை இருக்கின்றன, நானும் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்து பார்த்து முறையாக எழுதுகிறேன். கனவு கண்டதாகவோ குரல் கேட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை.

கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் ஏற்கும் மக்கபேயர் இரண்டாம் நூல் இன்னும் சுவாரசியமானது. சீரேனைச் சேர்ந்த யாசோன் ஐந்து தொகுதிகளாக எழுதியதை ஒரே நூலாகச் சுருக்கியிருக்கிறேன், இது வேர்வை சிந்தித் தூக்கம் கெட்டுச் செய்த வேலை என்று இரண்டாம் அதிகாரத்தில் ஆசிரியர் அலுத்துக்கொள்கிறார். கடைசி அதிகாரத்தில், நன்றாக அமைந்திருந்தால் நான் விரும்பியதும் அதுவே, சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று விடைபெறுகிறார். தம் நடைக்கு மன்னிப்புக் கேட்கும் இந்த ஆசிரியரும் தூண்டுதல் பெற்றவர் என்றால், தூண்டுதல் என்பது உழைப்பையோ திறமைக் குறைவையோ நீக்கிவிடும் ஒன்றாக இருக்க முடியாது.

இன்னொரு காட்சி எரேமியா 36-ஆம் அதிகாரத்தில் வருகிறது. எரேமியா சொல்ல, எழுத்தர் பாரூக்கு சுருளில் எழுதுகிறார். சுருள் அரண்மனைக்குப் போகிறது. குளிர்காலம், அரசன் யோயாக்கிமின் முன் கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் எழுத்தரின் கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். முழுச் சுருளும் சாம்பலாகும்வரை இப்படியே. எரேமியா வேறொரு சுருளை எடுத்து மறுபடி சொல்கிறார், பாரூக்கு மறுபடி எழுதுகிறார். அதிகாரத்தின் கடைசி வசனம் சாவகாசமாகச் சொல்கிறது: முந்தையதைப் போன்ற இன்னும் பல சொற்கள் அதில் சேர்க்கப்பட்டன. ஆக, இறைவாக்கின் இரண்டாம் பதிப்பு முதல் பதிப்பைவிடப் பெரியது. இதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டும் என்று விவிலியத்துக்குத் தோன்றவில்லை.

புல்லாங்குழலும் எழுபது அறைகளும்

ஆனாலும் தொடக்க கால எழுத்தாளர்கள் பலருக்கு மனித ஆசிரியர் ஒரு வெறும் குழாயாகத்தான் தெரிந்தார். 177 வாக்கில் ரோமைப் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதிய அத்தெனகோரா, குழல் ஊதுபவர் குழலில் ஊதுவதுபோல ஆவியார் இறைவாக்கினரைப் பயன்படுத்தினார் என்கிறார். அதே நூற்றாண்டில் பிரிகியாவில், அதாவது இன்றைய துருக்கியின் உட்பகுதியில், மொந்தானு என்பவர் தம்மைச் சன்னதம் வந்தவராக அறிவித்துக்கொண்டார். மனிதன் யாழ், நான் அதை மீட்டும் கோல் என்று ஆவியார் தம் வழியாகப் பேசுவதாகச் சொன்னார். திருச்சபை அவரைத் தள்ளியது. உண்மையான இறைவாக்கினர் சுயநினைவை இழப்பதில்லை என்பது அப்போது எதிர்த்தவர்களின் முக்கியமான வாதங்களில் ஒன்று.

மொழிபெயர்ப்பையும் இந்த மனப்போக்கு விடவில்லை. அலெக்சாந்திரியாவில் யூத மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்க்க 72 மூப்பர்கள் கூடினார்கள் என்பது பழங்கதை. முதல் நூற்றாண்டின் யூதத் தத்துவ அறிஞர் பிலோ ஒரு படி மேலே போய், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் காதில் ஓதியதுபோல எல்லாரும் சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி எழுதினார்கள் என்றார். பிற்காலத்தில் ஆளுக்கொரு தனியறை சேர்ந்துகொண்டது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எபிரேய மூலத்திலிருந்தே இலத்தீனுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எரோனிமு (ஜெரோம்) இதைக் கேட்டு எரிச்சலானார். அந்த எழுபது அறைகளைத் தம் பொய்யால் கட்டியவர் யாரோ தெரியவில்லை, இறைவாக்கினராக இருப்பது வேறு, மொழிபெயர்ப்பாளராக இருப்பது வேறு என்று எழுதினார். அவர் காலத்து ஆயர் அகுஸ்தீன் மாறாக, கிரேக்கப் பெயர்ப்பும் ஆவியாரின் செயலே என்பதில் உறுதியாக நின்றார். அறைக் கதையைப் பொறுத்தவரை எரோனிமு சொன்னதே சரி.

இந்த வழியில் கடைசிவரை போனால் எங்கே முட்டும் என்பதை 17-ஆம் நூற்றாண்டு காட்டியது. எபிரேய எழுத்தில் பெரும்பாலும் மெய்கள் மட்டுமே எழுதப்படும். உயிரொலியை வாசிப்பவர் கூட்டிப் படிக்க வேண்டும். புள்ளியும் இல்லாமல், எகர ஏகார வேறுபாடும் இல்லாமல் கிடந்த ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை அறிந்த தமிழருக்கு இது புதிதல்ல. எபிரேயத்துக்கு உயிர்க்குறிகளை இட்டவர்கள் மசோரேத்தியர் எனப்படும் யூத அறிஞர்கள். காலம் ஏறத்தாழ 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு. 1538-இல் எலியா லேவித்தா என்ற யூத இலக்கண அறிஞர் இந்தக் குறிகள் பிற்காலத்தவை என்று காட்டினார். 1624-இல் பிரெஞ்சு சீர்திருத்த சபை அறிஞர் லூயி கப்பேல் அதை விரிவாக நிறுவினார்.

சும்மா இலக்கண விவகாரம் என்று இதை விட்டுவிட முடியவில்லை. மறைநூல் ஒன்றே போதும் என்பது சீர்திருத்த சபைகளின் அடிப்படை. அந்த நூலின் உயிரொலியே மனிதர் பின்னால் சேர்த்தது என்றால், வாசிக்கும் விதத்தைத் தீர்மானிக்க மரபு வேண்டும், மரபு வேண்டுமென்றால் ரோமைக்குத் திரும்ப வேண்டியதுதானே என்று கத்தோலிக்கத் தரப்பு மடக்கியது. சுவிட்சர்லாந்தின் சீர்திருத்த சபைகள் 1675-இல் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டு, எபிரேய மூலத்தின் மெய்கள் மட்டுமின்றி, உயிர்க்குறிகளும், குறைந்தபட்சம் அக்குறிகளின் ஒலி மதிப்பும், இறைத்தூண்டுதல் பெற்றவையே என்று பதில் சொன்னன. சில பத்தாண்டுகளுக்குள் ஜெனிவாவே அந்த அறிக்கையைக் கைவிட்டது. தூண்டுதலை எழுத்துக்குறிவரை கொண்டுபோய்ப் பூட்டினால், ஒரு நல்ல இலக்கண ஆய்வே பூட்டை உடைக்கப் போதும்.

பங்கு பிரிக்கக் கூடாத ஆசிரியத்துவம்

மாற்று விடை அதற்கு நாலு நூற்றாண்டு முன்பே தயாராக இருந்தது. இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் (1225–1274) தூய ஆவியாரை மறைநூலின் முதன்மை ஆசிரியர் என்றும், மனிதரைக் கருவி ஆசிரியர் என்றும் சொன்னார். சைவ சித்தாந்தம் படித்தவர்கள் நிமித்த காரணம், துணைக் காரணம் என்ற பிரிவோடு இதை ஓரளவு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

கருவி என்றதும் புல்லாங்குழலுக்கே திரும்பிவிட்டோமா என்று தோன்றும். இங்கேதான் அக்குவினாஸின் நுட்பம். எந்தக் கருவியும் தன் இயல்பின்படியேதான் வேலை செய்யும். மனிதரின் இயல்பு அறிவும் விருப்பமும். எனவே கடவுள் மனிதரைக் கருவியாகக் கொள்ளும்போது அவருடைய அறிவு, நினைவு, மொழி, குணம் எல்லாம் வேலை செய்யும்; அணைந்து போகாது. படைப்புப் பொருள்களின் வழியாகக் கடவுள் செயல்படுவதைப் பற்றிப் பேசும்போது அவர் சொன்ன பொது விதி ஒன்று இதற்கு அடித்தளம்: விளைவின் ஒரு பகுதி கடவுளுடையது, மறுபகுதி இயற்கையுடையது என்று பிரிக்க முடியாது, முழு விளைவும் இருவருடையதும்தான், வெவ்வேறு விதத்தில்.

என் பார்வையில் இந்தக் கோட்பாட்டின் உயிர்நாடி இந்த ஒரு விதி. இறைத்தூண்டுதல் பற்றிய மோசமான விடைகள் எல்லாம் பங்கு பிரிக்கும் விடைகள். கருத்து கடவுளுடையது, சொல் மனிதருடையது; சமயச் செய்தி கடவுளுடையது, வரலாறும் புவியியலும் மனிதருடையவை; நல்ல வசனங்கள் கடவுளுடையவை, சங்கடமானவை மனிதருடையவை. கேட்க எல்லாமே நியாயமாக இருக்கும். ஆனால் கோடு எங்கே விழுகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தைக் காட்டுவார்கள்.

மறதியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். பங்கு பிரிப்பவர் 'எனக்கு நினைவில்லை' என்பதை மனிதரின் பங்கில் போடுவார். அக்குவினாஸ் வழி அப்படிச் செய்யாது. மறந்தது பவுல்தான், சந்தேகமில்லை. ஆனால் தலைவர் பெயரால் கட்சி கட்டாதீர்கள் என்ற அந்தப் பத்திக்கு, யாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன் என்பதைக்கூட நினைவில் வைக்காத ஒரு திருத்தூதர் எழுதுவதைவிடப் பொருத்தமான வடிவம் என்ன இருக்கிறது? மறதியோடு சேர்த்தே அந்தப் பத்தி கடவுளின் பேச்சு.

வைணவ வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 'என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசன்' என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் சொல்லும்போது, பாடியவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு பெயரும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. ஆனால் மற்றச் சமயங்களின் மறைநூல் கோட்பாடுகளை அப்படியே விவிலியத்தின் மேல் ஏற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். இஸ்லாமிய நம்பிக்கையில் குர்ஆனின் சொற்கள் வானவர் ஜிப்ரீல் வழியாக இறக்கப்பட்டவை. நபிகள் அதைப் பெற்று எடுத்துரைத்தவர், அதன் ஆசிரியர் அல்லர். மீமாம்சை மரபில் வேதத்துக்கு மனிதர் மட்டுமல்ல, கடவுளும் ஆசிரியர் இல்லை. அது யாராலும் இயற்றப்படாதது. விவிலியம் பற்றிய கிறிஸ்தவக் கோட்பாடு இந்த இரண்டிலும் அடங்காது.

1870 முதல் 1965 வரை

19-ஆம் நூற்றாண்டில் தொல்லியலும் வரலாற்று ஆய்வும் விவிலியத்தின் மேல் பாய்ந்தபோது, சில கத்தோலிக்க இறையியலாளர்கள் கோட்பாட்டையே இலகுவாக்கப் பார்த்தார்கள். கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான முதல் வத்திக்கான் சங்கம் 1870 ஏப்ரலில் அதற்கான இரண்டு வழிகளைப் பெயர் சொல்லாமல் மூடியது.

1. மனித முயற்சியால் எழுதப்பட்ட நூலைத் திருச்சபை பின்னால் ஏற்றுக்கொள்வதால் அது மறைநூலாகிவிடும் என்ற கருத்து. அப்படியானால் கடவுள் ஆசிரியராக மாட்டார், நூலுக்கு ஒப்புதல் முத்திரை குத்துபவராகத்தான் இருப்பார்.

2. வெளிப்பாட்டைப் பிழையின்றிக் கொண்டிருந்தாலே போதும் என்ற கருத்து. பிழையே இல்லாத மறைக்கல்விப் புத்தகத்தை இன்று ஒருவர் எழுதலாம். அதனால் அது மறைநூலாகிவிடாது.

ஆவியாரின் தூண்டுதலால் எழுதப்பட்டு, கடவுளை ஆசிரியராகக் கொண்டிருப்பதால்தான் அந்நூல்கள் புனிதமானவை என்றது சங்கம். 1893-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) தம் சுற்றுமடலில் இதை விரித்து, தூண்டுதலும் பிழையும் ஒன்றாக இருக்க முடியாது என்று கடுமையாகவே எழுதினார். 1943-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் (பியுஸ்) கதவைச் சற்றுத் திறந்தார்: பண்டைக் கீழை நாட்டு மக்கள் எந்த இலக்கிய வடிவத்தில் எழுதினார்கள் என்று பார்க்காமல் அந்த நூல் என்ன சொல்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கவிதையைக் கவிதையாக, உவமையை உவமையாக வாசிக்க விவிலிய அறிஞர்களுக்குக் கிடைத்த அதிகாரபூர்வ அனுமதி அது.

உண்மையான மோதல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் நடந்தது. வெளிப்பாடு பற்றிப் பழைய பாணியில் தயாரிக்கப்பட்ட முதல் வரைவை விவாதத்தை நிறுத்தித் திருப்பி அனுப்பலாமா என்று 1962 நவம்பர் 20-இல் வாக்கெடுப்பு. அனுப்பலாம் என்று 1,368 பேர், வேண்டாம் என்று 822 பேர். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் விதிப்படி அந்த வரைவே தொடர வேண்டும். திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் தலையிட்டு அதை விலக்கிப் புதுக் குழு அமைத்தார்.

1964 அக்டோபர் 2-ஆம் தேதி வியன்னாவின் கர்தினால் பிரான்ஸ் கோனிக் எழுந்து பேசியதை இந்த வரலாற்றின் துணிச்சலான தருணம் என்று சொல்லலாம். ஆயர்கள் நிறைந்த அவையில் அவர் பூசி மெழுகவில்லை. மூன்று இடங்களை எடுத்துவைத்தார். தாவீது அர்ப்பண அப்பங்களை உண்டபோது அபியத்தார் தலைமைக் குருவாக இருந்தார் என்கிறது மாற்கு 2:26. சாமுவேல் முதல் நூலின்படி அப்போது இருந்தவர் அவர் தந்தை அகிமெலக்கு. முப்பது வெள்ளிக்காசு பற்றிய வாக்கை மத்தேயு 27:9 எரேமியாவின் பெயரில் சொல்கிறது. அது பெரும்பாலும் செக்கரியா 11-இல் இருப்பது. தானியேல் 1:1 தரும் எருசலேம் முற்றுகையின் ஆண்டு வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. இவற்றை ஒப்புக்கொள்வதால் மறைநூலின் மதிப்புக் குறையாது, மழுப்பினால்தான் குறையும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதன்பின் எழுந்த சிக்கல் ஒரே ஒரு அடைமொழியைப் பற்றியது. மறைநூல் 'மீட்பு சார்ந்த உண்மையை' பிழையின்றிப் போதிக்கிறது என்று வரைவு சொன்னது. அப்படியானால் மற்ற விஷயங்களில் பிழை இருக்கலாம் என்று பொருள் வரும், இது மறுபடியும் பங்கு பிரிப்பு என்று பலர் எதிர்த்தார்கள். 1965 அக்டோபரில் திருத்தந்தை ஆறாம் பவுலே அதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். முடிவில் வந்த வாசகம், நம் மீட்பை முன்னிட்டுக் கடவுள் மறைநூலில் பதியவைக்க விரும்பிய உண்மையை அந்நூல்கள் உறுதியாகவும் பிழையின்றியும் போதிக்கின்றன என்பது. மீட்பு இப்போது எல்லைக்கோடு அல்ல, நோக்கம். முழு நூலும் அந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது, எந்த வசனத்தையும் அந்த நோக்கத்தை வைத்தே அளக்க வேண்டும். கூடவே, மனித எழுத்தாளர்கள் 'உண்மையான ஆசிரியர்கள்' என்றும் ஆவணம் தெளிவாகச் சொன்னது. 1965 நவம்பர் 18-இல் 'தேய் வெர்பும்' என்ற அந்தக் கோட்பாட்டு விளக்கம் 2,344-க்கு 6 என்ற வாக்கில் நிறைவேறியது.

சீர்திருத்த சபைகளில் நடந்தது

இங்கே ஒரே குரல் கிடையாது. மறைநூலின் நம்பகத்தன்மைக்கு ஆவியார் வாசிப்பவரின் உள்ளத்திலேயே சாட்சி பகர்கிறார், வெளியிலிருந்து திருச்சபை சான்றிதழ் தர வேண்டியதில்லை என்பது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் போட்ட அடித்தளம். 1881-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஹாட்ஜும் வார்பீல்டும் தவறாமையை மூலப் பிரதிகளோடு கட்டினார்கள்: ஆசிரியர் கையிலிருந்து முதலில் வந்த பிரதியில் பிழை கிடையாது, இன்று காணப்படும் பிழைகள் படியெடுத்தவர்களுடையவையாக இருக்கலாம். 1978-இல் சிகாகோவில் கூடிய எவஞ்சலிக்கல் தலைவர்கள் இதையே 19 பிரிவுகளாக அறிக்கையாக்கினார்கள். தமிழ்ப் பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் கேட்கும் பேச்சில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான்.

அந்த அறிக்கையைப் படிக்காமலே, கடவுள் எழுத்துக்கு எழுத்து ஓதித் தந்தார் என்ற கொள்கைதான் அது என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அது தவறு. எழுத்தாளர்களின் தனித்தன்மையைக் கடவுள் மீறினார் என்பதை அறிக்கையே மறுக்கிறது. தோராய எண்கள், இன்றைய அளவுக்குத் துல்லியம் இல்லாமை போன்றவை பிழையாகா என்கிறது. அதன் பலவீனம் வேறு இடத்தில்: மூலப் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. கையில் இல்லாத பிரதியைப் பற்றிய உறுதிமொழி, கையில் இருக்கும் பிரதியை வாசிப்பவருக்கு எவ்வளவு உதவும் என்ற கேள்வி நிற்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் சுவிஸ் சீர்திருத்த இறையியலாளர் கார்ல் பார்த் முற்றிலும் வேறு வழி போனார். விவிலியம் கடவுளின் வார்த்தைக்கு மனிதர் தரும் சாட்சியம்; கடவுள் அதன் வழியாகப் பேசும்போது அது அவர் வார்த்தை ஆகிறது. பிழை பற்றிய பதற்றம் இதில் குறைவு. ஆனால் யாரும் வாசிக்காமல் அலமாரியில் இருக்கும்போது அந்த நூல் என்ன என்ற கேள்விக்கு அவர் வழியில் நேரான பதில் கிடைப்பது கடினம்.

ஒருவரா, ஒரு கூட்டமா?

பழைய கோட்பாடுகள் எல்லாம் ஒரு மேசை, ஒரு எழுதுகோல், ஒரு ஆசிரியர் என்று கற்பனை செய்தன. விவிலிய நூல்கள் பல அப்படி உருவாகவில்லை. எசாயா நூலின் 40-ஆம் அதிகாரத்திலிருந்து பேசுபவர் பாபிலோனிய அடிமைத்தனத்தின் காலத்தவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. முதல் பகுதியின் எசாயாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவர். சட்ட நூல்கள் பல தலைமுறைகளின் கை பட்டவை. இவர்களில் தூண்டுதல் பெற்றவர் யார்? முதலில் சொன்னவரா, சேர்த்தவரா, கடைசியாகத் தொகுத்தவரா?

1958-இல் ஜெர்மன் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் கேள்வியையே திருப்பிப் போட்டார். தொடக்கத் திருச்சபையைக் கடவுள் நிறுவினார். தன் நம்பிக்கையை எழுத்தில் வடித்துக்கொண்டது அந்தத் திருச்சபையின் அமைப்பிலேயே ஒரு கூறு. எனவே திருச்சபையை நிறுவிய செயலிலேயே கடவுள் அந்த எழுத்துக்கும் ஆசிரியராகிறார். தனியாள் காதில் ஓதுவது இதில் தேவையில்லை. பழைய ஏற்பாட்டை இதில் எப்படிப் பொருத்துவது என்பதில் ரானர் கொஞ்சம் திணறுகிறார் என்றாலும், பல கைகள் பட்ட நூல் என்ற உண்மைக்கு இடம் கொடுத்தவர் அவரே.

நடைமுறையில் என்ன மாறுகிறது?

1. அறிவியல். நின்றுகொள் என்று யோசுவா கதிரவனிடம் சொன்ன வசனம் கலிலேயோவுக்கு எதிராகப் பயன்பட்டது. 1615-இல் எழுதிய மடலில் அவர் தமக்குத் துணையாக அழைத்தது அகுஸ்தீனை. வானத்தின் வடிவம் போன்ற, மீட்புக்குப் பயன்படாத விவரங்களை ஆவியார் கற்பிக்க விரும்பவில்லை என்று அகுஸ்தீன் தொடக்க நூல் விளக்கத்தில் எழுதியிருந்தார். 1893-இல் சிங்கராயரும் அதே வரியை மேற்கோள் காட்டினார். விவிலியத்தில் பெருவெடிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள், அன்று கலிலேயோவை எதிர்த்தவர்கள் செய்த தவறையே எதிர்த்திசையில் செய்கிறார்கள்.

2. கையெழுத்துப் பிரதிகள். மாற்கு 16:9-20 நான்காம் நூற்றாண்டின் இரு பெரும் பிரதிகளில், அதாவது வத்திக்கான், சீனாய் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி (யோவான் 7:53–8:11) மிகப் பழைய பிரதிகளில் இல்லை. தூண்டுதல் மூல ஆசிரியரின் பேனாவோடு முடிந்துவிட்டது என்பவருக்கு இவை பெரும் சங்கடம். தூண்டுதலைத் திருச்சபை ஏற்ற நூலின் பண்பாகப் பார்ப்பவர், எழுதியது மாற்கு அல்ல என்று ஒப்புக்கொண்டே அந்த வசனங்களை மறைநூலாக வாசிக்கலாம்.

எரேமியா நூலின் நிலைமை இன்னும் சிக்கல். அதன் கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது; பிற இனத்தார் பற்றிய வாக்குகள் எபிரேயத்தில் கடைசியில் வர, கிரேக்கத்தில் நடுவில் வருகின்றன. மொழிபெயர்ப்பாளர் வெட்டிவிட்டார் என்றே வெகுநாள் நினைத்தார்கள். சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் அந்தச் சிறிய வடிவத்தோடு ஒத்துப்போகும் எபிரேயத் துண்டும், பெரிய வடிவத்தின் துண்டும் சேர்ந்தே கிடைத்தன. ஒரே காலத்தில் இரண்டும் புழங்கின. இரண்டில் எது தூண்டுதல் பெற்றது? ஒரே ஒரு சொல்வரிசைதான் கடவுளுடையது என்பவர் ஒன்றைத் தள்ளியாக வேண்டும். மேற்கத்திய சபைகள் நீண்டதையும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை சிறியதையும் வாசித்து வருகின்றன.

3. மொழிபெயர்ப்பு. எரோனிமு சொன்னது இன்றும் பொது விதி: தூண்டுதல் மூல நூலுக்கு. ஆனாலும் தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டிலிருந்து, கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வந்த திருவிவிலியம்வரை, தமிழில் வாசிக்கப்படுவதைக் கடவுளின் வார்த்தையாகவே சபைகள் ஏற்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலியில் தமிழ் வாசகத்தை முடிப்பவர் 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்கிறார். மூல மொழியில் ஓதினால்தான் மறைநூல் என்ற நிலை கிறிஸ்தவத்தில் இல்லை.

4. வன்முறை வசனங்கள். பிழையான ஆண்டுக் கணக்கைவிட இதுதான் உண்மையான தலைவலி. எதிரி நகரத்தின் ஆண், பெண், குழந்தை எல்லாரையும் அழிக்கச் சொல்லும் கட்டளைகள், பாபிலோனின் பச்சிளங்குழந்தைகளைப் பாறையில் மோதுபவன் பேறுபெற்றவன் என்னும் திருப்பாடல் 137-இன் கடைசி வசனம். மார்சியோன் இரண்டாம் நூற்றாண்டிலேயே இதற்கு எளிய வழி சொன்னார்: பழைய ஏற்பாடு வேறொரு கடவுளுடையது, வெட்டி எறியுங்கள். இரு ஏற்பாடுகளுக்கும் ஆசிரியர் ஒரே கடவுள் என்று 1442-இல் புளோரன்ஸ் சங்கம் மறுபடி வலியுறுத்தியது, இந்த வழியில் போகாமல் இருக்கத்தான். திருத்தந்தையின் விவிலிய ஆணையம் 2014-இல் வெளியிட்ட ஆவணம் அழித்தொழிப்புச் சட்டத்தையும் பழிவாங்கும் செபங்களையும் நேராக எடுத்துப் பேசியது: அவற்றின் இலக்கிய வடிவத்தைப் பாருங்கள், வெளிப்பாடு படிப்படியாக வளர்ந்ததைப் பாருங்கள், கிறிஸ்துவிடமிருந்து பின்னோக்கி வாசியுங்கள் என்பது அதன் போக்கு. எனக்கு இது பாதி வழிதான் தீர்த்துவைக்கிறது. இலக்கிய வடிவம் என்ற விளக்கம் அந்தக் கட்டளையின் கூர்மையைக் குறைக்கிறது, எடுத்துவிடவில்லை.

வழிபாட்டில் திருச்சபை எடுத்த முடிவு கோட்பாட்டைவிட வெளிப்படையானது. 1971-இல் வந்த புதிய திருப்புகழ்மாலையிலிருந்து (குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் செபநூல்) 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுவதுமாக நீக்கப்பட்டன. திருப்பாடல் 137 ஆறாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. சாபங்கள் செபிப்பவரின் மனதுக்கு ஏற்படுத்தும் இடர்ப்பாடு என்று அதன் பொது முன்னுரையே காரணம் சொல்கிறது. அந்தப் பாடல்கள் தூண்டுதல் பெற்றவை என்பதை யாரும் திரும்பப் பெறவில்லை. விவிலியத்தில் அவை அதே இடத்தில் இருக்கின்றன. நீக்கப்பட்ட 109-ஆம் திருப்பாடலின் எட்டாம் வசனத்தைத்தான் யூதாசின் இடத்துக்கு ஆள் தேடும்போது பேதுரு மறைநூலாக மேற்கோள் காட்டுகிறார் (திருத்தூதர் பணிகள் 1:20).